பேரு டயலில், சங்கதி உள்ளே: கைக்கடிகாரம் சேர்ப்பதும் மாற்றிக் கட்டுவதும்

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவன் நான். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை எங்கள் ஊர்க்காரர்கள் லேசில் நம்பமாட்டார்கள். ஒரே நூல், ஒரே தையல், ஒரே டேபிளில் செக்கிங். கழுத்தில் தைக்கிற லேபிள்தான் விலையை முடிவு செய்யும். லேபிளோடு கப்பலேறினால் ஒரு விலை, லேபிளை வெட்டிவிட்டு உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்கு வந்தால் வேறு விலை. இதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள்கூட, கைக்கடிகாரம் என்று வந்துவிட்டால் டயலில் எழுதியிருக்கிற பேரைப் பார்த்து வாயைப் பிளக்கிறார்கள்.

வைகாசியில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலையில் அக்கா மகன். மணிக்கட்டை என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

“மாமா, பாத்தீங்களா? ரோலக்ஸுங்க. பர்ஸ்ட் காப்பி. ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாதாமாங்க.”

கறுப்பு டயல், சுற்றிலும் திருகுகிற வளையம், மூன்று மணி இடத்தில் தேதி, அதன் மேல் சின்ன உருப்பெருக்கி. சப்மரைனர் மாடல். நொடிமுள்ளைப் பார்த்தேன். டிக், டிக் என்று நொடிக்கு ஒரு எட்டு வைத்தது.

“கண்ணு, இதுக்குள்ள பேட்டரி இருக்குது. ரோலக்ஸ்காரன் 1953-ல இருந்து சப்மரைனர் செய்யறான். ஒருநாளும் பேட்டரி போட்டுச் செஞ்சதில்ல.”

பையன் முகம் விழுந்துவிட்டது. பாயசம் வருவதற்குள் தெளிந்துவிட்டான். “அப்ப ஒரிஜினலுக்குள்ள என்னதாங்க மாமா இருக்குது?” என்றான். நல்ல கேள்வி. அந்தக் கேள்வி கேட்கிற இடத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கு தொடங்குகிறது. அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மிஷின்

பின்மூடியைத் திறந்தால் உள்ளே இருக்கிற இயந்திரத்தை ஆங்கிலம் படித்தவர்கள் மூவ்மென்ட் என்பார்கள். ரிப்பேர் கடையில் அதற்குப் பேர் மிஷின். அதை மூடியிருக்கிற இரும்புக் கூடு கேஸ். மேலே கண்ணாடி, அதற்குக் கீழே முள், முள்ளுக்குக் கீழே டயல். பக்கவாட்டில் திருகுகிற குமிழைச் சிலர் சாவி என்பார்கள், சிலர் கிரவுன் என்பார்கள். ஒரு கடிகாரம் என்பது இவ்வளவுதான். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கழன்று வருகிற சாமான்கள். ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பொழுதுபோக்கும் அதில்தான் இருக்கிறது, ஏமாற்றும் அதில்தான் இருக்கிறது.

பேட்டரி இல்லாத மிஷின் எப்படி ஓடுகிறது என்பதை நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்வது சுலபம். பவானிசாகர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கும்போது ஒரு தகட்டுச் சுருள் இறுகுகிறது. அது அணையில் தேங்கிய தண்ணீர். அங்கிருந்து வரிசையாகப் பல்சக்கரங்கள் போகின்றன. அது கீழ்பவானி வாய்க்கால். ஒரேயடியாகத் திறந்துவிட்டால் அணை ஒரு நிமிஷத்தில் காலியாகும். ஆகவே வாய்க்கால் கடைசியில் ஒரு மடை. ஒரு பல்லை விடும், பிடிக்கும், மறுபடி விடும். அந்த மடையை முறை தவறாமல் திறந்து மூடுகிற ஆள் ஒருவர் வேண்டுமே, அதுதான் பேலன்ஸ் வீல். முடியைவிட மெல்லிய சுருள்கம்பி ஒன்றைக் கட்டிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும் சக்கரம். நாம் காதில் கேட்கிற சத்தம் மடை மூடுகிற சத்தம்.

ஆட்டத்தின் வேகத்தை மணிக்கு இத்தனை அடி, அதாவது இத்தனை ‘டிக்’, என்று கணக்கிடுவார்கள். பழைய எச்.எம்.டி. ஜனதா மணிக்கு 18,000 அடி, அதாவது நொடிக்கு 5. இன்றைய சீக்கோ என்.எச். 35 மிஷின் 21,600, நொடிக்கு 6. ரோலக்ஸின் இப்போதைய மிஷின்கள் 28,800, நொடிக்கு 8. எட்டு சின்ன அடிகளைக் கண் தனித்தனியாகப் பிடிக்காது, முள் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரியும். பேட்டரிக் கடிகாரத்தில் ஆள் வேறு: ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, அதை எண்ணி நொடிக்கு ஒருமுறை முள்ளைத் தள்ளுகிறது ஒரு சில்லு. 1969 டிசம்பர் 25-ல் சீக்கோ ஆஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. நேரம் காட்டுவதில் அன்றைக்கே சாவிக் கடிகாரம் தோற்றுவிட்டது. சில நூறு ரூபாய் பேட்டரிக் கடிகாரம் இன்றைக்கும் பல லட்ச ரூபாய்க் கடிகாரத்தைவிடத் துல்லியமாக ஓடும். ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் இறங்குகிறவர்கள் துல்லியத்துக்காக இறங்குவதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

டயலில் 17 ஜூவல்ஸ், 21 ஜூவல்ஸ் என்று போட்டிருப்பதைப் பார்த்து நகைக்கடைக் கணக்குப் போடுகிறவர்களும் உண்டு. பட்டறைக்காரனாகச் சொல்கிறேன், அது புஷ். சக்கரத்தின் அச்சு தேயாமல் சுற்றுவதற்குத் தொழிற்சாலையில் செய்த செயற்கை மாணிக்கத்தில் குழி வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். விற்கப்போனால் பத்துப் பைசா தேறாது.

இனி திருப்பூர்க் கதைக்கு வருவோம். சுவிட்சர்லாந்தில் ஈட்டா என்று ஒரு மிஷின் கம்பெனி. அவர்களுடைய 2824 என்ற மிஷின் பல பெரிய பேர்களுக்குள்ளே போயிருக்கிறது. டாக் ஹாயர் ‘காலிபர் 5’ என்று பேர் போட்டு விற்றது இந்த மிஷினோ, இதன் காப்புரிமை முடிந்த பிறகு செலிட்டா என்ற கம்பெனி அப்படியே செய்த எஸ்.டபிள்யூ. 200-ஓதான். ரோலக்ஸின் தம்பி என்று சொல்லப்படும் டியூடர் 2012-ல் பிளாக் பே மாடலைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்ததும் ஈட்டாதான். சீனாவில் சீகல் கம்பெனி இதே அமைப்பில் ஒன்று செய்கிறது. ‘சுவிஸ் மேட்’ என்ற எழுத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: 2017 முதல், உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மிச்சச் செலவு வெளிநாட்டில் ஆகலாம்.

இதைக் கேட்டதும், “அப்ப எல்லாம் ஒண்ணுதானே, காப்பி வாங்கினா என்ன?” என்று கேட்கத் தோன்றும். ஒன்றில்லை. ரோலக்ஸ் தன் மிஷினைத் தானே செய்கிறது. 1988-ல் வந்த அதன் 3135 மிஷின் தேதி காட்டும் சப்மரைனரில் 2020 வரை ஓடியது. ஒரே வடிவமைப்பை முப்பது வருஷம் நம்பி வைத்திருப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நான் வேலை பார்ப்பது கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் கடைகிற பட்டறை. ஒரே டிராயிங்கை ஆறு மாதம் திருத்தாமல் ஓட்டினால் எங்களுக்கு அதிசயம்.

ஐந்து பேர், ஐந்து சாதி அல்ல

பேர்களைக் குழப்பிக்கொள்வதில்தான் புதிதாக வருகிறவர்களின் காசு போகிறது. ஒரிஜினல் தெரிந்ததே. அடுத்தது காப்பி. இன்னொருவர் பேரையும் முத்திரையையும் டயலில் போட்டு விற்பது. இதில் பர்ஸ்ட் காப்பி, மாஸ்டர் காப்பி, சூப்பர் குளோன் என்று படிகள் சொல்வார்கள். என் அக்கா மகன் வாங்கியது அடிப்படி. மேல்படியில் உள்ளவை வேறு ரகம். மிஷினைக்கூட 3135 போலவே கடைந்து உள்ளே வைத்திருப்பார்கள். டயலையும் நொடிமுள்ளையும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எடையைப் பார், கண்ணாடியில் தண்ணீர்ச் சொட்டு வைத்துப் பார் என்று சொல்லும் வீட்டு வைத்தியமெல்லாம் அங்கே செல்லாது. பின்மூடியைத் திறந்து, தெரிந்தவர் லூப் என்ற உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால்தான் உண்டு.

காப்பிகளையே சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எந்தப் பட்டறை எந்த மாடலை எவ்வளவு நெருக்கமாகச் செய்தது, இந்த வளையத்தின் எழுத்து எத்தனை புள்ளி தடிமன் என்று ஆராய்ச்சி நடத்துகிறார்கள். அந்த உழைப்பைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரும். ஆனால் அந்த வழியில் போகாதே என்றுதான் பையனிடம் சொன்னேன். முதல் காரணம் சட்டம். 1999-ம் வருஷத்து வணிகக்குறிச் சட்டத்தில், பொய் முத்திரை போட்ட சரக்கைச் செய்தாலோ விற்றாலோ 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போட்டுச் சலித்த காப்பியை நண்பனுக்கு விற்கிறபோது நாமும் விற்பனைக்காரர்தான். இரண்டாவது காரணம் பிழைப்புக் காரணம்: கம்பெனி சர்வீஸ் கிடையாது, உதிரிபாகத்துக்கு உத்தரவாதம் கிடையாது, நின்றுபோனால் குப்பை. சொல்லப்போனால், லேபிள் இல்லாத பனியன் வேறு, அடுத்தவன் லேபிளைத் திருடித் தைத்த பனியன் வேறு. முதலாவதைக் காதர்பேட்டையில் தலை நிமிர்ந்து விற்கலாம்.

மூன்றாவது ஹோமேஜ். பெரிய மாடலின் உருவம், ஆனால் டயலில் தன் சொந்தப் பேர். வாங்குகிறவனை ஏமாற்றவில்லை. அழகா என்றால் அவரவர் விருப்பம். நான்காவது மாட். ஓடுகிற கடிகாரத்தின் டயல், முள், கண்ணாடி, வளையம் இவற்றை நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கட்டுவது. புல்லட்டுக்கு ஹேண்டில்பாரும் சைலன்சரும் மாற்றுகிற ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஐந்தாவது பிராங்கன். இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன்.

மூணு செத்த வாட்சு

என் அப்புச்சி, அம்மாவைப் பெற்றவர், மில் தொழிலாளி. கையில் எச்.எம்.டி. ஜனதா. காலையில் மில் சங்கு ஊதும்போது, எண்ணிக்கொண்டு சாவி கொடுப்பார். சங்கு முந்தியா, முள் முந்தியா என்று பார்த்துக்கொள்வார். எப்போதும் சங்கின் மேல்தான் தப்பு என்பார். அந்தக் கடிகாரம் இப்போது என்னிடம் இருக்கிறது. நாளைக்கு நாற்பது நொடி ஓடிவிடுகிறது. சரிசெய்யத் தெரியும், செய்யவில்லை.

எச்.எம்.டி. பற்றி இரண்டு வரி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி தொழில்நுட்பத்தோடு 1961-ல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. ஜனதா, பைலட், கோகினூர், கஞ்சன், சோனா என்று மாடல்கள். கஞ்சன் கிடைக்காமல் மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்த கதைகள் எல்லா ஒரம்பரை வீட்டிலும் இருக்கும். டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் டைட்டனைத் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்து, குவார்ட்ஸைக் கையில் எடுத்தன. அதன் பிறகு எச்.எம்.டி. எழுந்திருக்கவில்லை. 2016-ல் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. மூடினதும் பழைய சரக்குக்கு மவுசு வந்தது. மவுசு வந்த இடத்துக்குப் பெயின்ட் டப்பாவும் வந்தது.

சில வருஷத்துக்கு முன் இணையத்தில் ஒருவரிடம் எச்.எம்.டி. பைலட் ஒன்று வாங்கினேன். கறுப்பு டயல், வெள்ளை எண்கள், பளபளவென்று இருந்தது. ‘உபயோகிக்காத பழைய ஸ்டாக்’ என்றார் விற்றவர். வந்ததும் ஆசையாகக் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன். மத்தியானம் மணி பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. 6-க்கு நேரே இருக்க வேண்டிய நிமிடக் கோடு இம்மி தள்ளி இருந்தது. ஆலையில் அச்சடித்தால் அப்படி வராது. எழுத்துகள் தடித்து, ஓரத்தில் பிசிறு. டவுன்ஹால் பக்கம் ஒரு ரிப்பேர் கடை, ஆள் உட்கார்ந்தால் முட்டி வெளியே நிற்கிற அளவு. அங்கே கொடுத்தேன். பெரியவர் ஒற்றைக்கண் லூப்பை மாட்டிக்கொண்டு, பின்மூடியைத் திறந்து, மிஷினை வெளியே எடுத்தார். டயலைத் திருப்பிப் பார்த்தார். சிரித்தார்.

“தம்பி, பொட்டி ஒரு மாடலு, மிஷின் ஒரு மாடலு. டயலு தேச்சுப் பெயின்ட் அடிச்சது. மூணு செத்த வாட்சச் சேத்து ஒரு உசுரு குடுத்திருக்கறாங்க. ஓடும், ஓடாதுன்னு சொல்லமாட்டேன்.”

இதுதான் பிராங்கன். பல பிணங்களின் உறுப்பைச் சேர்த்துக் கட்டின கதைப் பேயின் பேரில் வந்த சொல். நம் நாட்டில் இப்படி டயல் பூசி வருவதற்கு உலகம் முழுக்க ‘மும்பை ஸ்பெஷல்’ என்றே பட்டப்பேர். எச்.எம்.டி.யும் பழைய ஃபாவ்ர் லூபாவும்தான் இதில் அதிகம் மாட்டுகின்றன. அடையாளம் சொல்கிறேன். ஆலை ஒருநாளும் போடாத பளீர் ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் டயல். ஐம்பது வருஷத்துக் கடிகாரத்தில் ஒரு கீறல்கூட இல்லாத கேஸ். தேய்த்துத் தேய்த்து ஓர முனையெல்லாம் மழுங்கி, சோப்புக் கட்டி போல இருக்கும். நிமிடக் கோடும் எண்ணும் நேர்க்கோட்டில் நிற்காது. பின்மூடியைத் திறந்த படம் கேட்டால் விற்பவர் பதில் போடமாட்டார். இந்தக் கடைசி அடையாளம் ஒன்று போதும்.

சாமான்களை மாற்றினதில் எனக்குக் கோபமில்லை. நானும் அதைத்தான் செய்கிறேன். மாற்றினதைச் சொல்லாமல் ‘பழைய ஸ்டாக்’ என்று விற்றதுதான் களவு. மாட் கடிகாரத்துக்கும் பிராங்கனுக்கும் உள்ளே வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம். வித்தியாசம் விற்கிறவர் வாயில்.

பழைய கடிகாரத்தில் டயல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவர் கட்டியதற்கு ஒரு விலை என்றால், அந்த மாதிரி டயலுக்கே தனி விலை. அதே மாடலில் சாதாரண டயல் உள்ளது அந்தப் பக்கம்கூடப் போகாது. ஆகவே தாத்தா கடிகாரத்தின் டயல் மங்கியிருக்கிறதே என்று புதிதாகப் பூசக் கொடுக்காதீர்கள். மங்கல்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். ஒரிஜினல் விலை உயர்ந்த கடிகாரத்தை மாற்றிக் கட்டுவதிலும் வம்பு உண்டு. வெளிச் சாமான் போட்ட ரோலக்ஸைக் கம்பெனி சர்வீஸுக்கு எடுக்காது. 2019-ல் அமெரிக்காவில் பழைய ரோலக்ஸ் டயல்களுக்குக் கலர் கலராக வண்ணம் பூசி விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் வழக்கே போட்டார்கள்.

கையை வைத்துப் பார்த்தது

நம் கோவையில் ஜி.டி. நாயுடு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டித்தான் இயந்திரம் கற்றார் என்பார்கள். கடிகாரமும் அப்படித்தான் வரும். ஆனால் அப்புச்சியின் ஜனதாவில் ஆரம்பிக்காதீர்கள். பீரோவில் செத்துக் கிடக்கும் கல்யாணப் பரிசுக் கடிகாரம் ஒன்றை நாலு முறை கழற்றிப் பூட்டுங்கள். அதற்குப் பிறகு காசு போட்டுச் சாமான் வாங்குங்கள்.

மாட் செய்கிறவர்கள் பெரும்பாலும் சீக்கோவில் தொடங்கக் காரணம் இருக்கிறது. 1996-ல் வந்த எஸ்.கே.எக்ஸ். 007 என்ற நீர்மூழ்கிக் கடிகாரம் மலிவு, உறுதி, உலகம் முழுக்கக் கிடைத்தது. அதற்கு மாற்றுச் சாமான் செய்யவே ஒரு தொழில் வளர்ந்தது. 2019 வாக்கில் அந்த மாடல் நின்றுவிட்டாலும் தொழில் நிற்கவில்லை. இன்று என்.எச். 35 மிஷின் தனியாகவே சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. 24 ஜூவல்ஸ், கை ஆட்டத்திலேயே தானாகச் சாவி ஏறும், முழுச் சாவிக்கு 41 மணி நேரம் ஓடும். 28.5 மில்லிமீட்டர் டயல் இதற்குப் பொதுவான அளவு. கேஸ், டயல், முள் எல்லாம் இந்த அளவுகளுக்கே விற்கிறார்கள்.

நான் முதலில் கட்டினது பேர் எழுதாத கரும்பச்சை டயல். மலட்டு டயல் என்று ஆங்கிலத்தில் பேர் வைத்திருக்கிறார்கள், எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. மொட்டை டயல் என்றே சொல்வேன். வரிசை இது: சாவித்தண்டைக் கழற்றி, மிஷினைத் தாங்கியில் வைத்து, டயலின் இரண்டு கால்களை மிஷினின் ஓட்டைகளில் இறக்க வேண்டும். இந்தக் கால்களில் ஒரு பொறி இருக்கிறது. சாவி 3 மணி இடத்தில் இருக்கும் கேஸுக்கு ஒரு இடத்தில் கால், எஸ்.கே.எக்ஸ். மாதிரி 4 மணி இடத்தில் இருக்கும் கேஸுக்கு வேறு இடத்தில் கால். தெரியாமல் வாங்கிவிட்டு, காலை ஒடித்து, ஒட்டும் புள்ளி போட்டு உட்கார வைக்கிறவர்கள் ஏராளம்.

டயல் உட்கார்ந்ததும் சாவியை மெதுவாகத் திருகி, தேதி ‘டக்’ என்று மாறுகிற நொடியில் நிறுத்த வேண்டும். அந்த நொடிதான் நள்ளிரவு. அங்கேயே மணிமுள், நிமிடமுள் இரண்டையும் 12-ல் நிறுத்தி அழுத்தினால்தான் நாளைக்கு மத்தியானம் தேதி மாறாது. மணிமுள் ஓட்டை 1.5 மில்லிமீட்டர், நிமிடமுள் 0.9, இரண்டும் பரவாயில்லை. நொடிமுள் ஓட்டை 0.20. இரண்டு மூன்று தலைமுடி கனத்து ஓட்டை, அதே கனத்து ஊசியில் நேராக உட்கார வேண்டும்.

ஆனி மாதம் அது. மின்விசிறியை நிறுத்திவிட்டேன், ஜன்னலை மறந்துவிட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு நம் ஜன்னல் எம்மாத்திரம். ட்வீசர் நுனியில் இருந்த நொடிமுள் காணவில்லை. பட்டறைக்காரன் புத்தி, உடனே காந்தத்தை எடுத்துத் தரையில் ஓட்டினேன். முள் பித்தளை, காந்தத்துக்கு வரவா போகிறது? கடைசியில் விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தேன். தூசி ஒவ்வொன்றுக்கும் நீள நிழல் விழுந்தது. அதில் ஒரு நிழல் மட்டும் நேர்கோடாக இருந்தது.

முள்ளைப் போட்டு முடித்தால் சாவித்தண்டு. கடையில் நீளமாக வரும், கேஸுக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ள வேண்டும். தினமும் 0.02 மில்லிமீட்டருக்கு வெர்னியர் பிடிக்கிறவன் நான் என்ற திமிரில் ஒரே வெட்டாக வெட்டினேன். அரை மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. சாவி திருகவே பிடிக்கவில்லை. இன்னொரு தண்டு வரப் பத்து நாள். கொஞ்சம் நீளமாகவே வெட்டி, அரம் போட்டுப் போட்டுப் பார்த்துக் குறைப்பதுதான் முறை என்று டவுன்ஹால் பெரியவர் பிற்பாடு சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

சாமான் பட்டியல் நீளமில்லை. லூப், நல்ல ட்வீசர், சின்ன ஸ்க்ரூடிரைவர்கள், பின்மூடி திறக்கிற சாவி, முள் எடுக்க ஒன்று, வைக்க ஒன்று, மிஷின் தாங்கி, தூசி ஊதுகிற ரப்பர் பந்து, தூசியை ஒற்றியெடுக்கும் பிசின், விரலுக்கு ரப்பர் உறை. ட்வீசரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், மலிவு ட்வீசர் நுனி சேராது.

சில எச்சரிக்கைகள், ஒழுங்கில்லாமல். இரவு 9 முதல் விடிகாலை 4 வரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள், உள்ளே தேதிப் பல் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும், ஒடியும். கடிகாரம் திடீரென்று நாளைக்குப் பல நிமிடம் முந்தி ஓடினால் காந்தம் ஏறியிருக்கும். சுருள்கம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மோட்டார் பட்டறை, ஸ்பீக்கர் பக்கம் புழங்குகிற கோயமுத்தூர்க்காரர்களுக்கு இது அடிக்கடி வருகிற சீக்கு. திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தால் முள் ஆடும். காந்தம் இறக்குகிற சின்னப் பெட்டி கிடைக்கிறது, ஒரு நொடி வேலை. நாம் திறந்து மூடின கடிகாரத்தில் பின்பக்கம் 200 மீட்டர் என்று எழுதியிருந்தாலும், அழுத்தச் சோதனை செய்யாதவரை கொடிவேரி அணையில் குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். 1960-கள் வரை இருட்டில் ஒளிர்வதற்கு டயலிலும் முள்ளிலும் ரேடியம் கலந்த பூச்சு போட்டார்கள். இப்போது ஒளிராமல் போயிருக்கும், அது பூச்சிலிருந்த மற்ற சரக்கு செத்துப்போனதால். ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம், அது அங்கேயேதான் இருக்கிறது. மூடிய கடிகாரம் பீரோவில் இருக்கட்டும். அதைத் திறந்து பூச்சைச் சுரண்டுவது, தூளை ஊதுவது மட்டும் கூடாது. இன்றைய கடிகாரங்களில் வரும் ஒளிர்பூச்சில் கதிரியக்கம் இல்லை.

நான் கட்டுகிற ஒவ்வொன்றின் பெட்டியிலும் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறேன். மிஷின் எது, டயல் எங்கே வாங்கினது, முள் எது, என்றைக்குக் கட்டினது. நாளைக்கு என் மகனோ, அவனிடமிருந்து வாங்குகிறவரோ டவுன்ஹாலில் யாரிடமாவது திறந்து காட்டும்போது, யாரும் சிரிக்காமல் இருக்கட்டும்.

அக்கா மகன் போன வாரம் அந்த ரோலக்ஸோடு கணபதிக்கே வந்துவிட்டான். திறந்து காட்டினேன். பெரிய இரும்புக் கூட்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம், அதன் நடுவில் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய குவார்ட்ஸ் மிஷின், ஒரு பட்டன் பேட்டரி. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, இந்தப் பொட்டிலயே நீங்க சொன்ன அந்த 35-ஐப் போட முடியாதுங்களா?”

டயல் கால் சேராது, சாவித்தண்டு உயரம் சேராது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும். அப்படியே சேர்ந்தாலும் ரோலக்ஸின் கிரீட முத்திரை போட்ட டயலோடு கட்டித் தரமாட்டேன் என்றேன். பட்டை மட்டும் நன்றாக இருக்கிறது, முனையில் 20 மில்லிமீட்டர், வேறு எதற்காவது ஆகும், கழற்றி வைத்துக்கொள் என்று சொன்னேன். வைத்துக்கொண்டான். மொட்டை டயலும் 35-ம் சொல்லியாகிவிட்டது, வந்துகொண்டிருக்கிறது. இந்த ஞாயிறே உட்கார்ந்துவிடலாமா என்று தினமும் போன் செய்கிறான். ஆடி முடியட்டும், காத்து நிக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.